பூத்தால் கையெழுத்து

பி.காம். படித்தவனுக்குப் பத்திரிகையில் என்ன வேலை என்று இன்றைக்கும் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள். டெபிட் எது, கிரெடிட் எது என்பதெல்லாம் மறந்து வெகு நாளாயிற்று. மெர்க்கன்டைல் லா வகுப்பில் படித்த ஒரு பிரிவு மட்டும் மண்டைக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 36. நடக்கவே முடியாத ஒன்று நடந்தால் இதைச் செய்கிறேன் என்று ஒப்பந்தம் போட்டால், அது செல்லாது. சட்டமே உதாரணமும் கொடுக்கிறது. இரண்டு நேர்கோடுகள் சேர்ந்து ஓர் இடத்தை அடைத்தால் உனக்கு ஆயிரம் ரூபாய் தருகிறேன் என்கிறார் ஒருவர். இரண்டு நேர்கோடுகளால் எந்த இடத்தையும் அடைக்க முடியாது. ஆகவே ஆயிரமும் கிடையாது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து இதற்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் புரொஃபசர் சாக்பீஸை எறிந்தார்.

இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தப் பிரிவு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. வக்கீல் நோட்டீஸாக அல்ல, ஒரு பூச்செடியாக.

என் அக்கா கைலாசபுரத்தில் இருக்கிறாள். திருச்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருவெறும்பூர் தாண்டியதும் திடீரென்று மரங்களும் அகலமான ரோடுகளும் ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்களுமாக ஓர் ஊர் வருமே, அதுதான். பெல் டவுன்ஷிப். பழைய ஆட்கள் 'பாய்லர் பிளான்ட்' என்றுதான் சொல்வார்கள். செக்கோஸ்லோவாகியா உதவியோடு 1965-ல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை. அனல் மின் நிலையங்களுக்கு வேண்டிய கொதிகலன்களைச் செய்கிறார்கள். வெயிலுக்குப் பேர்போன திருச்சியில் கொதிகலனுக்காகவே ஓர் ஊர் என்றால், உஷ்ணத்தைப் பற்றி வேறென்ன சொல்ல?

அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, அங்கேதான் வேலை பார்க்கிறார். 2027-ல் ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் முருங்கையும் கொய்யாவும் மல்லிகையும் வைத்து வளர்த்த தோட்டத்தை அடுத்து வருகிறவரிடம் அப்படியே விட்டுவிட்டு சாவியைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். டவுன்ஷிப்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனாலும் யாரும் மரம் வைக்காமல் இருப்பதில்லை.

மாமாவின் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். 1965-ல், பாய்லர் பிளான்ட் தொடங்கிய அதே வருஷம், பதினெட்டு வயதில் கல்யாணமாகி அருவங்காட்டுக்குப் போனவர். அருவங்காடு குன்னூருக்குப் பக்கத்தில். வெள்ளைக்காரன் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிற ஊர். அத்தையின் கணவருக்கு அங்கே வேலை. அவரும் ஒருநாள் ரிட்டயர் ஆனார். அவர்களும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். குன்னூரில் சரிவான ஒரு துண்டு நிலத்தில் இரண்டு அறையும் சமையல்கட்டுமாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்த செடியிலிருந்து நாலு குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுபோய் புது வீட்டுச் சுவரோரம் நட்டார் அத்தை. நாலும் பிடித்துக்கொண்டது. அதுதான் ஹைட்ரேஞ்சியா.

ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பெயர் தெரிந்திருக்காது. தேங்காய் அளவுக்கு உருண்டை உருண்டையாக, நீலமும் ரோஸும் ஊதாவுமாக, பங்களா வாசல்களிலும் பார்க்குகளிலும் பூத்திருக்கும். நீங்கள் குடும்பத்தோடு நின்று எடுத்த போட்டோவில் பின்னால் நிற்பது பெரும்பாலும் அதுதான். நமக்கு அதற்கு ஒரு தமிழ்ப் பெயர்கூட ஒட்டவில்லை. அத்தை வீட்டில் 'முட்டைக்கோஸ் பூ'.

2019-ல் அத்தையின் கணவர் காலமானார். அடுத்த மாதமே அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். இனிமேல் மலையில் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்ல, மாமா காரை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவந்தார். அத்தையின் சாமான் இரண்டு பெட்டி, ஒரு சாமி படம், ஒரு பிளாஸ்டிக் பக்கெட். பக்கெட்டில் மண்ணோடு ஒரு செடி.

வீட்டை என்ன செய்வது என்ற பேச்சு 2021-ல் வந்தது. மாமாவின் கணக்கு நியாயமானதுதான். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்தாலும் திருவெறும்பூர் பக்கம் ஒரு பெட்ரூம் ஃபிளாட்தான் வரும். குன்னூர் வீட்டை விற்றால் இரண்டு பெட்ரூம். அம்மாவுக்கு ஓர் அறை வேண்டாமா? பூட்டிக் கிடக்கிற வீடு வருஷா வருஷம் மழைக்கு ஒழுகுகிறது. புரோக்கர் வாரம் ஒருமுறை போன் செய்கிறார். வீடு அத்தையின் பெயரில். அவர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அத்தை மறுக்கவில்லை. அழவில்லை. வாசலில் இருந்த பக்கெட்டைக் காட்டினார்.

"அது இங்க பூக்கட்டும்ப்பா. பூத்த அன்னிக்கே போடறேன்."

மாமாவுக்குச் சந்தோஷம். ஒரு செடியைப் பூக்க வைப்பது பெரிய காரியமா? கொதிகலன் செய்கிற மனுஷர்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை ஒரு புராஜெக்ட் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கெட்டிலிருந்து செடி பெரிய சிமென்ட் தொட்டிக்கு மாறியது. முதல் சித்திரையிலேயே அது தன் சுபாவத்தைக் காட்டிவிட்டது. காலையில் பத்து மணி வரை ஜம்மென்று நிற்கும். பதினோரு மணிக்கு இலையெல்லாம் தொங்கிவிடும், கல்யாண மண்டபத்தில் மயக்கம் போட்ட சித்தி மாதிரி. அக்கா பதறிப்போய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து நிற்கும். ஊற்றாவிட்டாலும் எழுந்துதான் நின்றிருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. வெயிலில் இலை குடிக்கிற வேகத்துக்கு வேர் தண்ணீர் அனுப்ப முடிவதில்லை, அதனால் வருகிற வாட்டம். மண்ணில் ஈரம் இருக்கும்போதே மேலும் மேலும் ஊற்றினால் வேர் அழுகும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது இந்தச் செடியை வாங்கி வந்திருந்தால் முதலில் இதைச் சொல்லிவையுங்கள்.

தொட்டியைக் கிழக்குப் பக்கம் வேப்பமரத்தடிக்கு நகர்த்தினார்கள். காலை வெயில் மட்டும் படும் இடம். மேலே பச்சை வலை. மாமா பி.எச். பேப்பர் வாங்கிவந்து தண்ணீரைச் சோதித்தார். எதிர்பார்த்ததுதான். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் நாலு நாள் தலை குளித்தால் முடி கம்பியாகிவிடும், பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். ஹைட்ரேஞ்சியாவுக்கு வேண்டியது புளிப்பு மண். தேயிலை எந்த மண்ணில் செழிக்குமோ அந்த மண். மண்ணில் அமிலம் இருந்தால் அதில் உள்ள அலுமினியம் கரைந்து வேர் வழியாக ஏறும், பூ நீலமாகும். சுண்ணாம்பு மண்ணில் அலுமினியம் கரையாது, அதே செடி ரோஸாகப் பூக்கும். நீலகிரியில் ஏன் அவ்வளவு நீலம் என்றால், ரகத்துக்கு மேல் அந்த மண்ணின் புளிப்பும்தான் காரணம்.

இதைக் கேட்டதும் மாமாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அவர் தொழிலில் அரிச்சுவடியே கொதிகலன் தண்ணீரில் அமிலம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான். ஏறினால் குழாயை அரித்துவிடும். வாழ்நாள் முழுக்க அமிலத்துக்கு எதிராக வேலை பார்த்தவர், வீட்டில் தண்ணீரை அமிலமாக்கப் புறப்பட்டார். மழைநீர்க் குழாய்க்குக் கீழே நீல டிரம் வைத்துப் பிடித்தார். குன்னூரிலிருந்து ஒரு மூட்டை தேயிலைத் தோட்டத்து மண் லாரியில் வந்து இறங்கியது. நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கி, பொடித்து, கரைத்து ஊற்றினார். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. அத்தை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்ப்பா, திருஷ்டி கழிக்கிறியா?" என்றார்.

அக்கம்பக்கத்தில் செடி பிரபலமாகிவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து அக்காவின் தோழி ஒருவர் வந்தார். எட்டரையிலிருந்தும் கோப்பிலிருந்தும் மல்லிகை வந்து குவியும் சாத்தாரத் தெருவில் பூ வாங்கியே வளர்ந்தவர். தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூ கொடுத்த ஊர்க்காரர் வேறு. பூவின் விஷயத்தில் அவர் சொல்வதற்கு ஒரு மரியாதை உண்டு. செடியைச் சுற்றி வந்தார்.

"வாசனை உண்டா?"

"பேருக்குத்தான்."

"தலைல வைக்கலாமா?"

"கொத்து ஒண்ணே தலை அளவு இருக்கும்."

"சாமிக்கு?"

"யாரும் போட்டுப் பார்த்ததில்ல."

"அப்புறம் எதுக்குடி இவ்ளோ பாடு?"

அக்காவிடம் இதற்குப் பதில் இருந்தது. இரண்டு பெட்ரூம் என்று சொல்லவில்லை. "அழகா இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

2023 வந்தது. செடி மார்பு உயரம் வளர்ந்திருந்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிடப் பெரிது. கரும்பச்சை, பளபளப்பு. பூ மட்டும் இல்லை. ஒரு மொட்டுகூட இல்லை. அக்கா போன் செய்து, "நீ எல்லாத்தையும் பத்தி எழுதறியே, இது ஏன் பூக்க மாட்டேங்குதுன்னு கேட்டுச் சொல்லேன்" என்றாள். தோட்டக்கலை படித்த ஒரு நண்பரைப் பிடித்தேன். விவரம் எல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "திருச்சியில மார்கழி ராத்திரி எவ்வளவு டிகிரி இருக்கும்?"

இருபது. அதற்குக் கீழே இறங்கினால் நாங்கள் மஃப்ளர் கட்டிக்கொள்வோம்.

"அப்ப பூக்காது சார்" என்றார்.

காரணம் இதுதான். நம் ஊர் ஹைட்ரேஞ்சியா வசந்த காலத்தில் காட்டும் பூவை, முந்தைய வருஷக் கிளையின் நுனியில், போன மழைக்காலம் முடியும்போதே கருத்தரித்து வைத்துவிடுகிறது. ராத்திரி வெப்பம் சுமார் பதினெட்டு டிகிரிக்குக் கீழே இறங்கி, ஒன்றரை மாதமாவது அப்படியே இருந்தால்தான் அது 'இனி இலை போதும், மொட்டு வைக்கலாம்' என்று முடிவெடுக்கும். பிறகு அந்த மொட்டு தூங்கப் போகும். அதை எழுப்பவும் குளிர்தான் வேண்டும், பத்து டிகிரிக்குக் கீழே இன்னும் ஒன்றரை, இரண்டு மாதம். வெளிநாட்டில் பூவியாபாரிகள் தொட்டிகளைக் குளிர் அறையில் அடுக்கிவைத்துப் பிறகு வெளியே எடுத்து, வேண்டிய தேதிக்குப் பூக்க வைக்கிறார்கள். திருச்சியில் செடிக்குக் குளிர்காலம் வரவே இல்லை. வராத குளிர்காலத்துக்குக் காத்துக்கொண்டு அது இலை மேல் இலையாக விட்டுக்கொண்டிருந்தது. மாமா போட்ட உரமும் அதற்குத்தான் உதவியது. தழைச்சத்து அதிகமானால் இலை கொழுக்கும், பூ தள்ளிப்போகும்.

மலையில் இருப்பவர்கள் வேறொரு காரணத்தால் பூவை இழக்கிறார்கள். ரோஜாவுக்குச் செய்வது போல ஐப்பசியில் கிளையை ஒட்ட வெட்டிவிடுவார்கள். ரோஜா புதுக் கிளையில் பூக்கும், தாங்கும். இது அந்தக் கிளை நுனியில்தானே மொட்டை ஒளித்து வைத்திருக்கிறது? வெட்டினால் அடுத்த வருஷப் பூ குப்பையில்.

எந்தக் கிளையிலும் பூக்கிற ரகம் ஏதும் கிடையாதா என்று கேட்டேன். இருக்கிறதாம். மைக்கேல் டர் என்ற அமெரிக்க நிபுணர் 1998-ல் மினசோட்டாவில் ஒரு நர்சரியில், பழைய கிளை பனியில் செத்தாலும் புதுக் கிளையில் பூக்கிற ஒரு செடியைக் கண்டுபிடித்தார். 2004-ல் 'எண்ட்லெஸ் சம்மர்' என்று பெயர் வைத்துக் கடைக்கு வந்தது. முடிவில்லாத கோடை! திருச்சிக்கென்றே வைத்த பெயர் மாதிரி இருக்கிறது. ஆனால் அது குளிர் அதிகமான ஊருக்குச் செய்த வைத்தியம். நமக்கு வந்திருக்கிற நோயே வேறு.

இந்தப் பூவுக்காகப் பாடுபட்டவர்களில் மாமா முதல் ஆளும் இல்லை. இதன் சொந்த ஊர் ஜப்பான். 1820-களில் நாகசாகியில் டச்சுக்காரர்களுக்கு டாக்டராக இருந்தவர் சீபோல்ட் என்ற ஜெர்மானியர். ஓடாகி என்ற ஜப்பானியப் பெண்ணோடு குடும்பம் நடத்தினார், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. 1829-ல் அவரை நாட்டைவிட்டு வெளியேற்றினார்கள், குடும்பத்தை அழைத்துப்போக முடியவில்லை. ஐரோப்பா திரும்பி ஜப்பானின் தாவரங்களைப் பற்றி எழுதியபோது ஒரு ஹைட்ரேஞ்சியாவுக்கு 'ஓடாக்சா' என்று பெயர் வைத்தார். அது என்ன வார்த்தை என்று ஜப்பானியர்களே குழம்பினார்கள். 'ஓடாகி-சான்' என்று மனைவியைக் கூப்பிட்டதுதான் அது என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். நாகசாகியின் நகரப் பூ இன்றைக்கும் இதுதான். விட்டுவந்த வீட்டை இந்தப் பூவில் தேடுவது அத்தைக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது.

சரி, விஷயம் தெரிந்துவிட்டது. யாரிடம் சொல்வது? மாமாவிடம்தான் முதலில் சொன்னேன். கூடவே பிரிவு 36-ஐயும். "மாமா, சட்டப்படி உங்க ஒப்பந்தமே செல்லாது. ரெண்டு நேர்கோடு கதைதான்." மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா ஒரு யோசனை சொன்னாள். பெங்களூரில் பூத்த செடியே தொட்டியோடு விற்கிறார்கள். ஒன்றை வாங்கிவந்து ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவைத்துவிட்டால்?

"நீ அம்மாவ அவ்ளோதான் பார்த்திருக்க" என்றார் மாமா. "இலையத் தொட்டுப் பார்த்தே சொல்லிடும், இது நம்ம செடி இல்லன்னு."

அந்தப் பிரிவில் இன்னொரு வரி உண்டு. நடக்க முடியாத விஷயம் என்பது ஒப்பந்தம் போடும்போது சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, அது செல்லாது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அந்த வரி ஏன் இருக்கிறது என்று யோசித்ததில்லை. இப்போது யோசிக்க வேண்டியதாயிற்று. அத்தைக்குத் தெரியுமா, தெரியாதா? ஐம்பது வருஷம் அந்தச் செடியோடு குடித்தனம் நடத்தியவர்.

அடுத்த முறை கைலாசபுரம் போனபோது, மாமாவும் அக்காவும் இல்லாத நேரம் பார்த்து வாசற்படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொழிற்சாலை சங்கு ஊதி ஷிஃப்ட் விட்டிருந்தது. சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் போய்க்கொண்டிருந்தன.

"அத்தை, அது இங்க பூக்காதாம். குளிர் வேணுமாம்."

"தெரியும் தம்பி."

இவ்வளவு சாதாரணமாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்புறம் ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

"விக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா வீட்ல சண்டை வந்திருக்கும். பூத்தா தரேன்னு சொன்னேன். பாரு, மூணு வருஷமா எல்லாரும் செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அவரே தொடர்ந்தார். அவர் பேச்சில் தந்திரம் எதுவும் இல்லை, களைப்புதான் இருந்தது. பையன் மேல் தப்பில்லை, அவனுக்கும் ஒரு வீடு வேண்டும் என்றார். அந்த வீட்டில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும், துணி காயவே காயாது, சுவரெல்லாம் பூசணம் என்று குறைகளாகவே அடுக்கினார். பிறகு, "குறிஞ்சிக்கே பன்னெண்டு வருஷம் காத்திருக்கோம். 2018-ல பூத்துச்சு, அவர் இருந்தாரு, ரெண்டு பேரும் போய்ப் பார்த்தோம். அடுத்து 2030. எனக்கு அது வேண்டாம். இது ஒரு தடவ பூத்தாப் போதும்" என்றார்.

"அதான் பூக்காதே அத்தை."

"இங்கயே வச்சிருந்தா பூக்காது. பனிக்கு மேல கொண்டுபோய், மாசில இறக்கினா பூக்கும். மொட்டோட செடிய நர்சரிக்காரங்க கீழ இறக்கறத நான் பார்த்ததில்லையா?"

நண்பர் சொன்ன குளிர் அறையும் இதுவும் ஒன்றேதான். கரன்ட் பில் மட்டும் கிடையாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தவுடன் எனக்கு வேறொன்று உறைத்தது. செடி பூக்க வேண்டுமென்றால் அது குன்னூரில் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். குன்னூரில் கழிக்க வேண்டுமென்றால் அந்த வீடு இருக்க வேண்டும். வீட்டை விற்பதற்கான நிபந்தனை நிறைவேற வேண்டுமென்றால் வீட்டை விற்காமல் இருக்க வேண்டும். எந்த மெர்க்கன்டைல் லா புத்தகத்திலும் இப்படியொரு உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

மாமா இதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் கூரை ஒழுக்கைச் சரிசெய்ய குன்னூரில் ஆள் பார்த்தார். முதல் வருஷம் கூரையும் அத்தையின் உடம்பும் தேறுவதிலேயே போனது. 2024 புரட்டாசி முடிந்ததும் கார் புறப்பட்டது. அக்கா மகளுக்கு ஐ.டி. வேலை, லேப்டாப் இருந்தால் போதும், பாட்டியோடு இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். பின்சீட்டில் ஒருபக்கம் அத்தை, ஒருபக்கம் சிறிய தொட்டிக்கு மாற்றிய செடி. இரண்டுக்கும் சீட் பெல்ட். அந்த வருஷம் மே மாதத்திலிருந்து நீலகிரிக்கு இ-பாஸ் வந்திருந்தது. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று மாமா எனக்கு போன் செய்தார். சுற்றுலா என்று போடச் சொன்னேன்.

தை மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இலை ஒன்றுகூட இல்லாமல் வெறும் குச்சி. மூன்று வருஷம் தடவித் தடவி வளர்த்த இலைகள். மாமா பதறிக்கொண்டு போன் போட்டார். "அம்மா, செத்துப்போச்சா?" ஸ்பீக்கரில் அத்தையின் குரல் வந்தது. "தூங்குதுப்பா. போன வை."

2025 மார்ச் முதல் வாரம் இறக்கினார்கள். வேப்பமரத்தடியில்கூட வைக்கவில்லை. வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவே, நாள் முழுக்க நிழலாக இருக்கும் இடம். மழைநீர் டிரம்மிலிருந்து மட்டும் தண்ணீர். பத்து நாளில் கணுவுக்குக் கணு பச்சை எட்டிப்பார்த்தது. பங்குனி பாதியில் நாலு கிளை நுனியில் இலைகளுக்கு நடுவே குட்டிக் காலிஃபிளவர் மாதிரி ஏதோ தெரிந்தது. அக்கா எனக்கு அனுப்பிய மெசேஜில் வார்த்தையே இல்லை, வெறும் ஆச்சரியக்குறிகள்.

ஏப்ரல் மூன்றாவது வாரம் நான் போனேன். திருச்சியில் வெயில் 39 டிகிரி. துவைக்கிற கல்லுக்குப் பின்னால் நாலு கொத்து. நீலமும் இல்லை, ரோஸும் இல்லை. குன்னூர் மண்ணும் மாமாவின் படிகாரமும் எங்கள் ஊர்த் தண்ணீரும் சேர்ந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சமரசம். குன்னூர்ப் பூவில் பாதி அளவுதான் இருந்தது. நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் இதழ் இல்லை, புல்லிவட்டம். நிஜப் பூ நடுவில் கடுகு மாதிரி இருக்கும். அதையெல்லாம் அங்கே நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஸ்ரீரங்கத்துத் தோழியும் வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "வாசனை இல்லேன்னா என்ன" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"பத்திரத்த எங்கப்பா வச்சிருக்க?"

மாமா தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "புரோக்கர் ஊர்ல இல்லம்மா."

"அவன் எதுக்கு? பேப்பர் உன்கிட்டதான இருக்கு? பூத்தா போடறேன்னு சொன்னேன். பூத்துடுச்சு. கொண்டா."

மாமா எழுந்து போய் பீரோவைத் திறந்து எடுத்துவந்தார். விற்பனை ஒப்பந்தத்தின் நகல், மூன்று வருஷம் பழசு, தேதிகூடப் போடாதது. அத்தை ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான எழுத்து. கைநடுக்கம் கடைசிப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. மூடியைத் திருகிப் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டார்:

"வர்ற பனிக்கு செடிய எங்க கொண்டுபோவ?"

மாமா பதில் சொல்லவில்லை. பேப்பரை மடித்து அதே பீரோவில் அதே இடத்தில் வைத்தார். அன்று ராத்திரி மொட்டைமாடியில் என்னிடம், "மாப்ளே, ஒரு பெட்ரூம்லயே ஹால் பெருசா இருக்கற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லு" என்றார். காட்டூர் பக்கம் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பால்கனி வடக்குப் பார்த்ததாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் கண்டிஷன்.

ஜூன் மாதத்தில் பூவெல்லாம் காகிதம் போலக் காய்ந்துவிட்டது. நான் போயிருந்த அன்று மாமா கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தார். ஒட்ட வெட்டப் போனவரை அத்தை ஜன்னலிலிருந்து நிறுத்தினார்.

"அங்க இல்லப்பா, மேல. பூவுக்குக் கீழ முதல் ஜோடிக் கணு தெரியுதில்ல? அதுக்கு மேல வெட்டு. அங்கதான் அடுத்தது வரும்."